மணவாளக்குறிச்சி மணலும் உயிரணுவின் திருத்தமும்

இரும்புலியூரில் வாழும் நம்மவர் தாம்பரத்தில் இரயிலேறி நாகர்கோவிலில் இறங்கிக் குளச்சல் நோக்கிச் சென்றால், கடலோரத்தே மணவாளக்குறிச்சியின் கருமணலைக் காணலாம். திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் கலந்திருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்நாளில் விளக்கு மேன்டிலுக்கு அது இன்றியமையாதது. நம் நிக்காஹ் இரவுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸின் வெண்வலையிலும் தோரியமே இருந்தது.

அந்தத் தோரியம் கதிர்வீசும் பொருள். கதிர் உயிரணுவுள் பாய்ந்தால் டி.என்.ஏ. இழையை அறுத்துவிடும். அவ்வாறிருக்க, தலைமுறை தலைமுறையாக அம்மணல்மேல் வாழ்வோர் எங்ஙனம் பிழைத்தனர்?

விடை உயிரணுவுக்குள்ளேயே உளது. அரபுச் சுவடிகளைப் படியெடுத்தோர், படியை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவதை 'முகாபலா' என்பர். டி.என்.ஏ. இரட்டை இழையாதலின், ஓரிழையில் எழுத்துச் சிதைந்தால் எதிரிழையைப் பார்த்து அவ்விடம் நிரப்பப்படுகிறது. ஈரிழையும் ஒருங்கே அறுந்தாலோ இடர் பெரிது. அப்போது உயிரணுவிலுள்ள மற்றொரு படியைத் துணைக்கொள்ள வேண்டும்; இன்றேல் அறுந்த முனைகளை அப்படியே ஒட்ட வேண்டும். ஒட்டுகையில் சில எழுத்துகள் தொலைவதுண்டு.

கதிரின்றியும் நாள்தோறும் ஒவ்வோர் உயிரணுவிலும் பல்லாயிரம் சிதைவுகள் நேர்கின்றன. இத்திருத்தமுறைகளை விளக்கியமைக்காக லிண்டால், மாட்ரிச், அஸீஸ் சன்ஜார் மூவரும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். சன்ஜார் துருக்கியின் சாவூரில் எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோருக்கு 1946-இல் பிறந்தவர். வெயிலால் பழுதுற்ற இழைப்பகுதியை உயிரணு எவ்வாறு வெட்டியெறிந்து புதுப்பிக்கிறது என்று காட்டியவர் அவரே.

கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். அங்கு ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மணலின் கதிரால் புற்றுநோய் மிகுந்ததாக அதில் காணவில்லை. சிறுகச் சிறுக நேரும் சிதைவைத் திருத்த உயிரணுவுக்கு அவகாசம் கிடைக்கிறது என்பது அறிஞர் கூறும் விளக்கம். இதைக்கொண்டு கதிரே தீங்கற்றது எனத் தீர்ப்பளிப்பது அவசரம் என்போம்.

திருத்தம் பிறவியிலேயே பழுதுபட்டால் என்னாகும்? ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்றோர் அரிய நோய் உண்டு. அந்நோயாளரின் உயிரணுக்கள் வெயிலின் சிதைவைத் திருத்தவியலாதவை என்பதை 1968-இல் அமெரிக்காவில் கிளீவர் நிறுவினார். சிறுவயதிலேயே முகத்தில் புள்ளிகள் படர்ந்து தோற்புற்று எழும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலன்றி இந்நோய் தோன்றாது. இரத்த உறவுக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு மிகுதி. மாமன் மகளை மணப்பது நம்மிடையே பழகிய வழக்கமாதலால் இதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. வெயில் படாமல் குழந்தையை வளர்ப்பதும், தோலை அடிக்கடி மருத்துவரிடம் காட்டுவதுமே இன்றுள்ள காப்பு.