தனிப் பணியிடம்: சல்லிக் கரையை முன்வைத்து

தனிப் பணியிடம் என்பது ஒருவர் தம் வேலையைச் செய்வதற்குரியதென உடனிருப்போர் ஏற்றுக்கொண்ட இடம். தனி அறை, தடுப்புக்குள் அமைந்த மேசை, தடுப்பில்லாத பொதுக்கூடம், வந்தவர் அமரும் பொது மேசை, வீட்டின் ஒரு மூலை என அலுவலக வேலையில் அதற்குப் பல வடிவங்கள் உண்டு. சுவரும் தடுப்பும் எவ்வளவு என்பதைக் கொண்டே இவற்றை வகைபிரிப்பது வழக்கம். அந்த அளவுகோல் போதாது. வேலை செய்பவருக்கு அந்த இடத்தின் மீது என்ன உரிமை என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சுவரே இல்லாத பணியிடம் ஒன்றை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

சல்லி, திருகோணமலை நகருக்கு வடக்கே சாம்பல்தீவை அண்டிய கடலோரக் கிராமம். முத்துமாரியம்மன் கோவிலாலும் மீன்பிடியாலும் அறியப்பட்டது. இதுபோன்ற கிழக்குக் கரைகளில் சோளகக் காற்றுக் காலத்தில் கடல் அமர்ந்திருக்கும்போது கரைவலை இழுப்பார்கள். வாடைக்காற்று தொடங்கினால் அது நிற்கும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுத் தோணி வலையை அரைவட்டமாக வளைத்து வர, இரு அணிகள் இரு முனைகளையும் இழுக்கும். கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடப்பவர், வரிசையின் கடைசிக்கு வந்ததும் கைவிட்டு, நீர் விளிம்புக்குப் போய் மறுபடி பிடிப்பார். நிற்குமிடம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஆனாலும் யாரும் தம் இடத்தை இழப்பதில்லை. எந்தக் கரைத்துண்டில் எவர் வலை வளைப்பது என்பதைப் பாடு எனும் கரையுரிமை தீர்மானிக்கிறது. ஒரு பாட்டில் பல வலைகள் இருந்தால் முறை வைத்து இறக்குவார்கள். வலையின் மடி கரையேறியதும் செலவு போக இழுத்தவர்களுக்குப் பங்கு. சற்று மேலே கிடுகு வேய்ந்த வாடி: வலை பொத்தவும், கயிறும் சாமானும் வைக்கவும், வெயிலுக்கு ஒதுங்கவும், கணக்குப் பார்க்கவும் அதுவே இடம். திறந்த மணலும் ஒதுங்கிய வாடியும் சேர்ந்துதான் ஒரு பணியிடம்.

அலுவலக வரலாறு இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டபடியே வந்திருக்கிறது. 1950களின் இறுதியில் ஜேர்மனியின் குவிக்போர்னர் குழு, அறைகளை நீக்கி மேசைகளை வேலைத்தொடர்புக்கு ஏற்பச் சிதறவிட்டது. 1968இல் அமெரிக்காவின் ஹேர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ரொபேர்ட் புரொப்ஸ்ட் வடிவமைத்த நகர்த்தக்கூடிய தடுப்புகள், பணியாளரே தம் இடத்தை அமைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை. நிறுவனங்கள் அவற்றை நெருக்கமான சதுரப் பெட்டிகளாக்கின. தடுப்பு வந்தது, அதை நகர்த்தும் உரிமை வரவில்லை. பிறகு தடுப்புகளையும் எடுத்துவிட்டால் மக்கள் கலந்து பேசுவார்கள் என்றார்கள். பேர்ன்ஸ்டைன், டேர்பன் என்ற ஆய்வாளர்கள் திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களை அளந்து 2018இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறு: முகம் பார்த்துப் பேசுவது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. ஒதுங்க வாடி இல்லாதபோது மனிதர் தமக்குள்ளேயே ஒதுங்குகிறார்கள்.

கயிறு இழுப்பதும் கோப்பு எழுதுவதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல, எழுதுபவருக்கு அமைதி கூடுதலாக வேண்டும். ஆனால் அது இந்த வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது: உடலுழைப்புக்கே ஒதுங்கிடம் தேவைப்பட்டால், கவனத்தால் நடக்கும் வேலைக்கு அதை மறுக்க எந்த நியாயமும் இல்லை. பாட்டு முறையை இலட்சியமாக்கக் கூடாது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. வலையும் தோணியும் சம்மாட்டி எனப்படும் முதலாளியுடையவை; இழுப்பவர் பங்கை மட்டுமே பெறுகிறார்; பாடு இல்லாதவர் வெளியே நிற்கிறார். இது உண்மை. ஆயினும் அந்த உரிமை பெயரிட்டுச் சொல்லப்பட்டது. அதனால் அதன் மீது வழக்காடலாம், முறையைத் திருத்தக் கோரலாம். மேலாளர் ஒரே அறிவித்தலில் மாற்றிவிடும் மேசை ஒழுங்குக்கு எதிராக எதைப் பிடித்து வாதாடுவது?

கரையில் சொல்லப்பட்ட உரிமையும் வரைபடத்தில் சொல்லப்படாவிட்டால் எவ்வளவு எளிதில் அழியும் என்பதை 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கு கண்டது. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனக் கட்டடத் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. உயிரைக் காக்கும் நோக்கம் மறுக்க முடியாதது. ஆனால் வீட்டை உள்ளே நகர்த்துவது போலக் கரையை நகர்த்த முடியாது. கடலோரத்தைக் குடியிருப்பாக மட்டும் பார்த்த வரைபடத்தில் அது பணியிடமாகத் தெரியவில்லை. தடைவலயம் பிறகு தளர்த்தப்பட்டது.

பெண்களின் பணியிடம் இன்னும் மங்கலானது. மீனைக் கீறி, உப்பிட்டு, கருவாடாகக் காயவைக்கும் வேலை பெரும்பாலும் வீட்டு வளவில் நடக்கிறது. 2020இன் கொரோனா முடக்கக் காலத்தில் அலுவலர்கள் வீட்டிலிருந்து செய்தது வேலையாகவே எண்ணப்பட்டது; சம்பளமும் வந்தது. வளவில் கருவாடு காயவைப்பவருக்கு அந்த இடம் வீடு என்றே எழுதப்படுகிறது. பாடு எவருடையது என்று சொல்லும் கரையில், காயவைக்கும் நிலம் எவருடையது என்று சொல்லும் முறை கிடையாது. பணியிட வகைகளைப் பட்டியலிடும் எந்த நூலும் அந்த வளவைச் சேர்த்தாக வேண்டும்.