முற்றுகைத் தலைக்கவசம்: எடை கூடிய கதை

மஸ்கெட் துப்பாக்கி பரவியபின் ஐரோப்பியப் போர்வீரன் கவசத்தைப் படிப்படியாகக் கழற்றினான். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காலாட்படையின் தலையில் வெறும் தொப்பிதான் மிஞ்சியது. அதே நூற்றாண்டில் ஒரு வகைத் தலைக்கவசம் மட்டும் கனத்துக்கொண்டே போனது. கோட்டை முற்றுகைக்கென்று அடிக்கப்பட்ட அந்த இரும்புச் சட்டிகளில் சில 8 கிலோவையும் தாண்டும். அழிந்துவரும் வீரமரபின் கடைசி ஆடம்பரம் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்தக் கருத்து எனக்கு ஏற்புடையதல்ல. இவற்றைக் கனக்க வைத்தது மண்வெட்டி வேலை.

முதலில் உலோகம். உருக்கின் தரத்தை உயர்த்துவதைவிடத் தகட்டைத் தடிப்பாக்குவது மலிவு. பழைய கவசங்களின் உலோகத்தை ஆராய்ந்த ஆலன் வில்லியம்ஸ், 17ஆம் நூற்றாண்டுக் கவசங்கள் பெரும்பாலும் முந்தைய காலத்தவற்றைவிட மட்டமான இரும்பு எனக் காட்டினார். தடிமனை இரட்டித்தால், துளைக்கத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது; எடையோ இரண்டு மடங்குதான். கணக்கு லாபம். கழுத்துக்குத்தான் நட்டம்.

அந்த நட்டத்தைத் தாங்கக்கூடியவர் யார்? விடை வோபானின் அகழிகளில் இருக்கிறது. 14ஆம் லூயியின் கோட்டைப் பொறியாளரான அவர், 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் கோட்டைக்கு இணையாக அகழிகளை வெட்டி, அவற்றை வளைந்து நெளிந்து செல்லும் வழிகளால் இணைத்தார். அந்த வழிகளை வெட்டியவர்கள் சாப்பர்கள். முன்னால் இருப்பவர், குச்சிகள் திணித்த பெரிய கூடையை உருட்டி மறைவாக வைத்துக்கொண்டு, ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாகத் தோண்டுவார். பின்னால் வரும் மூவரும் ஆளுக்கு அரையடி கூட்டுவார்கள்; நான்காமவர் முடிக்கும்போது மூன்றடிப் பள்ளம் தயார். கூலி நாளுக்கல்ல, தோண்டிய நீளத்துக்கு. கோட்டையை நெருங்க நெருங்க விகிதம் ஏறும். ஒரு பகலும் இரவும் சேர்ந்து சுமார் 160 மீட்டர் முன்னேறினால் நல்ல வேகம்.

மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக நகரும் இந்த ஆளுக்குத் தலையில் எட்டுக் கிலோ பொறுக்கும். அணிவகுத்து நாளெல்லாம் நடப்பவனுக்குப் பொறுக்காது. மேலும் முன்னவரின் இடத்துக்கு அடுத்தவர் முறை மாறி வருவதால், சுமை யாருக்கும் நிரந்தரமல்ல.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 1602 டிசம்பரில் ஜெனீவா மதிலில் இரவோடிரவாக ஏணி வைத்து ஏறிய சவோய்ப் படையினர், மண்டையோடு போன்ற முகமூடி கொண்ட கனத்த தலைக்கவசங்களும் அணிந்திருந்தனர். ஏறியது நிதானமான வேலையல்ல. ஆனால் அவர்கள் அதைச் சுமக்க வேண்டியிருந்தது ஒரே இரவுக்கு.

பிரெஞ்சுப் பொறியியல் படை 19ஆம் நூற்றாண்டிலும் அகழிப் பணிக்கு இரும்புச் சட்டியும் மார்புக்கவசமும் வைத்திருந்தது. அவ்விரண்டுமே இன்றும் அப்படையின் சின்னம். முதல் உலகப்போரில் அகழிகள் மீண்டபோது கனமும் மீண்டது. 1916ஆம் ஆண்டு ஜெர்மன் தலைக்கவசத்தின் இருபுறமும் கொம்பு போன்ற குமிழ்கள் உண்டு. தனி நெற்றித்தகடு ஒன்றை அவற்றில் மாட்டலாம். காவலாளிகளும் குறிபார்த்துச் சுடுபவர்களும்தான் அதை அணிந்தார்கள், அதுவும் அரிதாக. குமிழ்களில் காற்றுத் துளை இருந்ததால், தகடு மாட்டாத லட்சக்கணக்கான தலைக்கவசங்களிலும் அவை தொடர்ந்து இருந்தன.