கொடுமணத்து மணிக்காரர்கள்

திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொன்னாலே வெயில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். ஒரு காலத்தில் தனிக் கிராமம். இப்போது திருப்பூர் மாநகராட்சியில் அடக்கம். பனியன் தொழிலின் சந்தடி கேட்காத தெரு அந்தப் பக்கத்தில் அபூர்வம். தைத்த துணி மூட்டையாக வீட்டுக்கு வரும். பிசிறு வெட்டி, மடித்துக் கொடுத்தால் பீசுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வேலை இல்லாத நாளில், பாசிமணி கோத்தும், சுடுமண் காதணி செய்தும், வளையலுக்குப் பட்டு நூல் சுற்றியும் நாலு காசு பார்க்கலாமா என்று யோசிக்கிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இங்கும் இருப்பார்கள்.

"வீட்டுத் திண்ணையிலே நகை வியாபாரமா? இதெல்லாம் புதுக் காலத்துக் கூத்து!" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். புதிது என்கிறார்களே, அதுதான் வேடிக்கை. நொய்யல் கரையில் குடியிருப்போடு சேர்ந்து நகைத் தொழில் தொடங்கி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது.

திருப்பூரிலிருந்து ஆற்றோடு கிழக்கே இறங்கிப் போனால் வடகரையில் கொடுமணல் என்ற சிற்றூர் வரும். இன்று ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்னும் ஊரின் நகைகளைச் சிறப்பித்துச் சொல்கிறார்கள். அந்தக் கொடுமணம் எங்கே என்று புலவர்கள் வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள். 1985-இல் தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணல் மேட்டைத் தோண்டினார்கள். பேராசிரியர் கா. ராஜன் போன்றவர்கள் பிற்காலத்திலும் அந்த அகழாய்வைத் தொடர்ந்து நடத்தினார்கள். பாட்டில் இருந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

என்ன கிடைத்தது? பச்சைக் கல், நீலம், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட். முழு மணி மட்டுமல்ல. வெட்டாத கல், பாதி தீட்டிய கல், துளை போடும்போது உடைந்துபோன கல், சிதறிய சில்லுகள், எல்லாம். ஈமக்குழி ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. கல் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் வெளிப்பட்டது. எனக்கு அந்தப் புலியைவிட உடைந்த மணிகள்தாம் பெரிதாகப் படுகின்றன. முழு மணி வாங்கியவனுடைய செல்வத்தைச் சொல்லும். உடைந்த மணிதான் செய்தவனைப் பற்றிச் சொல்லும். எத்தனை நாள் வேலை அந்த ஒரு கணத்தில் வீணாயிற்றோ!

மணி செய்வது லேசான காரியமல்ல. கல்லைத் தட்டி உருவாக்க வேண்டும். கரடு போகத் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமிருந்தும் துளையிட்டு நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். மயிரிழை பிசகினால் மணி பிளந்துவிடும். ஆனால் இந்தத் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் காலடியிலேயே கிடைத்தது. பச்சைக் கல் காங்கயம் சாலையிலுள்ள படியூரில். பளிங்கு பக்கத்துக் காடுகளில். கல்லைத் தேய்க்க, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான குருந்தம் சிவன்மலைப் பாறைகளில். ஆங்கிலேயன் இன்று 'கோரண்டம்' என்று சொல்வது நம்முடைய குருந்தத்தைத்தான். கருவி செய்ய இரும்பு? அதை உருக்கிய உலைகளும் அதே ஊரில் அகப்பட்டன. வெளியிலிருந்து வரவேண்டியிருந்தவை சூதுபவளமும், ஆப்கானிஸ்தானத்து நீலக் கல்லான லாபிஸ் லசூலியும் போன்ற சிலவே. பெரிய முதல் போட்டவன் தொடங்கிய தொழிலாக இது தோன்றவில்லை. கல்லையும் கையையும் அறிந்தவன் தொடங்கிய தொழில்.

படியூர்ப் பச்சைக் கல்லை 'பெரில்' என்பார்கள். மரகதம் இதற்கு உடன்பிறப்பு. பழைய நூல்கள் வைடூரியம் என்றது இதைத்தான் என்பது அறிஞர் கருத்து. இன்று நவரத்தினத்தில் அந்தப் பெயரைப் பூனைக்கண் கல் எடுத்துக்கொண்டுவிட்டது. பிராகிருதத்தில் 'வேளுரிய', கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' என்று சொல்லும் கல்லோடு சேர்ந்தே கடல் தாண்டியது. ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடியை 'பிரில்லே' என்கிறார்கள். அதற்கும் இதுவே மூலம்.

ரோமாபுரிச் சீமாட்டிகள் இந்தக் கல்லுக்கு உயிரை விட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று அங்கலாய்க்கிறார். கொங்கு நாட்டில் அங்கங்கே ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைப்பதைப் பார்த்தால் அவர் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். இன்னொன்றும் சொல்கிறார் பிளினி: பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர்கள் கற்றிருந்தார்களாம்! ஆக, நல்ல கல்லும் நம்மிடமிருந்து போயிற்று; கள்ளக் கல்லும் போயிற்று. முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாதவன் செய்த மணியை நம்பி வாங்குவது எப்படி? நகை வியாபாரத்தின் முதல் கேள்வி அன்றும் இதுதான். ஒரு பொற்கொல்லன் வாயிலிருந்து வந்த பொய் மதுரையை எரித்த கதையைச் சொல்லும் சிலப்பதிகாரம் நம் கையில் இருக்கிறதல்லவா?

இதற்கு ஒரு விடை, கொடுமணலில் கிடைத்த பானை ஓட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. ஆதன் என்பது போன்ற தமிழ்ப் பெயர்கள் உண்டு. வடபுலத்துச் சாயலுள்ள பெயர்களும் உண்டு. ஓர் ஓட்டில் 'நிகம' என்ற சொல் இருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. மதுரைக்கு அருகே மாங்குளத்துப் பாறையிலும் வெள்ளறை நிகமத்தார் தருமம் செய்த செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. வீட்டில் தனித்தனியே தேய்த்த மணி, குழுவின் பெயரால் விலை போயிருக்க வேண்டும். தனி ஆள் சொல்லுக்கு இல்லாத மதிப்பு கூட்டத்தின் சொல்லுக்கு உண்டு.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி ரோமானிய வாணிபம் தளர்ந்தது. கொடுமணமும் ஓய்ந்து மேடாகிப் போயிற்று. 1819-20-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் மறுபடி பச்சைக் கல் எடுத்தார். பிறகு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தவரும் அவரேதான். அந்தச் சுரங்கமும் நிலைக்கவில்லை. கல் கிடைத்தது, ஆனால் பழைய கொடுமணம் திரும்பி வரவில்லை.

மணிக்காரர் மறைந்தாலும் வீட்டு நகைத் தொழில் மறையவில்லை. குமுட்டி அடுப்பும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு பத்தர் தம் வீட்டு நடையிலேயே ஊருக்கெல்லாம் தாலியும் தோடும் செய்தார். அந்த அடுப்பின்மேல் 1963 ஜனவரியில் தண்ணீர் விழுந்தது. சீனப் போரை அடுத்து மத்திய அரசு தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை புதிதாகச் செய்யக்கூடாது என்றது. 22 காரட்டிலேயே பழகிய கை என்ன செய்யும்? நாடெங்கும் எத்தனையோ பத்தர் குடும்பங்கள் பட்டினியில் தவித்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தொழிலாளிகள் சங்கம் கூடிக் கிளர்ச்சி செய்தார்கள். 1966-இல் 14 காரட் விதி நீங்கியது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல்தான் ரத்தாயிற்று. அதற்குள் ஒரு தலைமுறையின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு கதையிலும் கைத்திறனுக்குக் குறைவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணிக்காரனை வீழ்த்தியது கடல் கடந்த வாணிபத்தின் தளர்ச்சி. பத்தரை வீழ்த்தியது டில்லியில் போட்ட உத்தரவு. வேலை வீட்டுக்குள் நடந்தாலும் அதன் விதி வீட்டுக்கு வெளியேதான் எழுதப்படுகிறது. அந்த வெளியுலகத்தோடு பேச ஒற்றைக் குரல் போதாது. திருப்பூருக்கு இது தெரியாததல்ல. 1978-இல் இத்தாலியிலிருந்து ஒருவர் பனியன் தேடி வந்தார்; மறுபடியும் ரோமாபுரிப் பக்கத்துப் பணம் நொய்யல் கரைக்கு வரத் தொடங்கிற்று. மேனாட்டில் வாங்குபவன் கையைச் சுருக்கினால் இங்கே பிசிறு வெட்டும் வீட்டில் கூலி குறைகிறது.

ஆகவே நெருப்பெரிச்சலில் மணி கோக்க உட்காரும் பெண்ணுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அம்மா, பாசியையும் கம்பியையும் எங்கே மலிவாக வாங்கலாம் என்பதை நீயே கண்டுபிடித்துக்கொள்வாய். கையும் பழகிவிடும். போலியைப் போலி என்று சொல்லியே விற்றுவிடு. மெருகு போனாலும் வாங்கினவள் திரும்பி வருவாள். ஒரே கடைக்காரரை நம்பி இருக்காதே. அக்கம்பக்கத்தில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள். 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கினார்களே, அந்தத் தருமபுரிதான் பழைய தகடூர். அரிசில் கிழார் பாடிய சேரன் எறிந்த ஊர் அது. பாட்டுக்குக் காரணமான அரசனுடைய கொடியும் கோட்டையும் போய்விட்டன. நிகமம் மட்டும் வேறு பெயரில் நம் தெருவில், வாரம் ஒரு நாள் யாராவது ஒருத்தி வீட்டுத் திண்ணையில் கூடிக்கொண்டிருக்கிறது. அதில் உனக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.