கரும்பு வயலும் உறுமி மேளமும்

சுகர் லேண்ட் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது எமக்குச் சிரிப்புத்தான் வந்தது. சீனி நாடு! நீரிழிவு இல்லாத வீடே இல்லாத எம்மவர் வந்து குடியேற இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? ஹூஸ்ரன் நகரின் தென்மேற்கே, ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகளும் செயற்கைக் குளங்களுமாக இருக்கிறது ஊர். சீனி ஆலை 2003இல் மூடப்பட்டுவிட்டது. அதன் உயரமான செங்கல் கட்டடம் மட்டும் நிற்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாட்டை மேடைகளில் பாடிக் கண்கலங்கப் பழகிய நாங்கள், கடன்பட்டு வாங்கிய எங்கள் வீடுகளின் கீழே கிடப்பது யாருடைய கரும்புத் தோட்டம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2018இல் அந்தக் கேள்வி தானாகவே எழும்பி வந்தது. பாடசாலைக் கட்டடமொன்றுக்கு அத்திவாரம் தோண்டிய இடத்தில் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். அடிமை முறை ஒழிந்தபின் ரெக்சாஸ் அரசு தன் கைதிகளைத் தோட்ட முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. 1878இல் கன்னிங்காம், எல்லிஸ் என்ற இருவர் மாநிலத்தின் கைதிகளை மொத்தமாகவே குத்தகைக்கு எடுத்தார்கள். சிறு குற்றத்துக்கும் இல்லாத குற்றத்துக்கும் பிடிபட்ட கறுப்பின மக்கள் சேற்றில் நின்று கரும்பு வெட்டிச் செத்தார்கள். அங்கே புதைகுழிகள் இருக்கின்றன என்று ரெஜினால்ட் மூர் என்ற மனிதர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. செம்மணியை அறிந்த எமக்கு இது புதுக்கதையுமல்ல.

குத்தகை முறை ஒழிந்தபின் அதே நிலம் அரசின் சிறைப்பண்ணையாகியது. லெட் பெலி என்று பின்னர் உலகறிந்த பாடகர் 1920களில் இங்கேதான் அடைபட்டிருந்தார். ஆளுநர் பாட் நெவ் முன் பாடிக்காட்டி 1925இல் விடுதலை பெற்றார். சிறைக்குப் பக்கத்தால் போகும் நள்ளிரவு ரயிலைப் பற்றிய பாட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆக, நாம் புல்வெட்டும் இந்த மண்ணுக்கு ஒரு பாட்டு மரபு உண்டு. அது வயலில் கைதிகளின் கோடரி ஒரே தாளத்தில் விழுவதற்காகப் பிறந்த மரபு.

இதை ஏன் சொல்கிறோமென்றால், எமது ஒன்றுகூடலொன்றில் ஒரு பெடியன் கேட்ட கேள்விதான் காரணம். ஹிப்ஹொப்பில் எந்த இசைத்தொகுப்பு நிலைக்கும், எது நிலைக்காது என்று பிள்ளைகள் தமக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். “இந்தச் சத்தத்தில் நிலைக்கிறது என்ன, நிலைக்காதது என்ன?” என்றார் எம்மில் ஒருவர். பெடியன் விடவில்லை. “அங்கிள், உங்கட ஆட்களின்ர தொகுப்பே ஒன்று அந்தப் பட்டியலில் இருக்குது. நீங்கள் அதை ஒருக்காலாவது முழுசாய்க் கேட்டிருக்கிறீங்களா?”

கேட்டிருக்கவில்லை.

இந்த இசை 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தில் நடந்த விருந்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். இசைத்தட்டுச் சுழற்றியவர் கூல் ஹேர்க், ஜமெய்க்காவிலிருந்து வந்த குடியேறி. பாட்டில் மேளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளை எடுத்து, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றி நீட்டினார். மற்றவர் பாட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளித் தன் கதைக்கு அத்திவாரமாக்குவது இந்தக் கலையின் அடிப்படை. களவு என்பாரும் உண்டு. மேற்கோள் காட்டாத புலவர் எவர் என்று நாம் கேட்போம்.

எமது ஹூஸ்ரனுக்கும் இதில் பங்குண்டு. கெட்டோ போய்ஸ் குழுவின் 1991ஆம் ஆண்டுத் தொகுப்பில், நித்திரை வராமல், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றிய பாட்டொன்று இருக்கிறது. அடியில் ஓடுவது ஐசக் ஹேய்ஸின் 1974ஆம் ஆண்டு இசை. வீரம் பேசுகிற கலையில் பயத்தைப் பேசிய பாட்டு அது. முப்பது வருடங்களுக்குப் பிறகும் அதைக் கேட்கிறார்கள். கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கிற எம்மவருக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அடுத்தவர் டீ.ஜே. ஸ்குரூ. பாட்டுகளை வேகம் குறைத்து, குரல் தேன்போலத் தடித்து இழுபடும்படி ஒலிநாடாக்களில் பதிந்து, தன் வீட்டு வாசலிலேயே விற்றவர். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கார் ஓட்டியவர்களுக்கு அந்த மெதுநடையின் அர்த்தம் விளங்கும். 2000 நவம்பரில் 29 வயதில் இறந்துபோனார். அவருடைய இசைத்தட்டுகளை இன்று ஹூஸ்ரன் பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்கிறது. நியூயோர்க்கில் நாஸ் என்ற இளைஞர் 1994இல் வெளியிட்ட ‘இல்மாற்றிக்’ தொகுப்பும் இப்படித்தான். நாற்பது நிமிடம்கூட இல்லை, குவீன்ஸ்பிறிட்ஜ் குடியிருப்பைத் தாண்டி அதிகம் போவதுமில்லை. ஆனாலும் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. ஓர் ஊரைப் பற்றி, அந்த ஊருக்காகவே, வெளியாருக்கு விளக்கவுரை எழுதாமல் செய்தவை நிலைத்திருக்கின்றன. எல்லோருக்குமென்று செய்தவை பெரும்பாலும் அந்த வருடத்தோடு போய்விட்டன.

இனி எங்கள் ஆளின் கதை. மாதங்கி அருட்பிரகாசம், மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், எண்பதுகளின் நடுவில் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். தகப்பன் அருளர், ஈரோஸ் இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். எமது வாசகர்களுக்கு அவரை ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியராகவும் தெரிந்திருக்கும். 1977 கலவரத்தில் அகதிகளான சனத்தைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிவந்த கப்பலின் கதை. மகளின் முதல் தொகுப்பு 2005இல் வெளிவந்தது, பெயர் ‘அருளர்’. பெயரை மாற்றும்படி தகப்பன் எழுதிக் கேட்டதாக மகள் சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. வீட்டில் இல்லாத தகப்பனின் பெயரைக் கடைகளின் அலுமாரிகளில் வைத்துவிட்டார். 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குப் பெயர் ‘கலா’, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயர்.

முதலாவது கூர்மையானது. ஒரு சிறு மின்னிசைப் பெட்டியோடு இருந்து உருவாக்கிய பாட்டுகள், சுவரொட்டி வாசகங்கள்போலச் சுருக்கமானவை. ஆனால் நிலைக்கப்போவது ‘கலா’ என்பது எமது எண்ணம். அமெரிக்கா விசா கொடுக்காமல் இழுத்தடித்தது. அதனால் இந்தியா, திரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்து பதிந்த தொகுப்பு அது. முதற்பாட்டில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட இசையின் துண்டு வருகிறது. தமிழ்நாட்டில் உறுமி மேளக்காரரைக் கூட்டிவைத்துப் பதிந்த அடி, தொகுப்பின் முதுகெலும்பு.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் வெட்கப்படவேண்டும். பறையை இழவு வீட்டுக்கு வெளியே நிறுத்தி, அடித்தவரைப் படலைக்கு அப்பால் வைத்தே கூலி கொடுத்தவர்கள் நாம். எமது பிள்ளைகளை இங்கே வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அனுப்பினோம், தோல் மேளத்துக்கு அனுப்பவில்லை. அந்த மேளத்தை உலகம் முழுக்க ஒலிக்கச் செய்த பெண்ணைப் பற்றி எம்மிடையே எழுந்த பேச்சோ, “பிள்ளைக்குத் தமிழ் வடிவாய் வராது”, “உடுப்பைப் பார்”, “இயக்கத்துக்குப் பிரசாரம்”, “இயக்கத்தைக் கேவலப்படுத்துகிறாள்” என்பவைதான். கடைசி இரண்டையும் ஒரே மேசையில் இருந்து கேட்டோம். பிற்காலத்தில் அவர் வெளியிட்ட கருத்துகள் எல்லாவற்றோடும் எமக்கு உடன்பாடில்லை. அது வேறு விடயம்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டைக் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். அடியில் ஓடுவது த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு. வேண்டப்படாத குடியேறிகளைப் பற்றியும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவந்த பிள்ளைகளைப் பற்றியும் பாடியது. எமக்கு மரக்கறி விற்கிற பெல்எயர் வீதி வியட்நாமியர் நினைவுக்கு வருகிறார்கள். அதன்மேல் மாதங்கி வைத்தது கள்ள விசாக் கதையும், துப்பாக்கி வெடியும், காசுப்பெட்டி திறக்கிற சத்தமும். குடியேறி வந்தவன் எதற்கு வந்தான் என்று இந்த நாட்டவர் நினைக்கிறார்களோ, அதையே நக்கலாகத் திருப்பிச் சொல்கிற பாட்டு. தொலைக்காட்சியில் வெடிச்சத்தத்தை மாற்றினார்கள். சனம் வாயாலேயே வெடித்துக் காட்டியது. 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை போனது. எம் பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் அதற்கு நாமே கைதட்டியிருக்கிறோம், யாருடைய பாட்டென்று அறியாமல்.

2009 பெப்ரவரி 8ஆம் திகதி கிராமி விழா மேடையில் நிறைமாத வயிற்றோடு அவர் ஆடினார். பக்கத்தில் அமெரிக்க ராப் இசையின் பெருந்தலைகள் நால்வர். அந்தக் கிழமைகளில் நாம் வன்னியிலிருந்து தொலைபேசி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எம்மில் ஒருவர் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டார். “ஆடுகிற நேரமா இது?” என்று கேட்டார். அவரே இப்போது சொல்கிறார், அந்த மாதங்களில் ஈழத்தமிழரைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசிய ஒரு முகத்தை நினைவுபடுத்தச் சொன்னால் அவள் முகம்தான் வருகிறதென்று.

அருளர் 2019இல் காலமானார். ‘லங்கா ராணி’யை வாசித்த பிள்ளைகள் இந்த ஊரில் இல்லை. ‘அருளர்’ என்ற சொல்லைத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெடியன் கேட்டதற்காக ‘கலா’வை முழுசாய்க் கேட்டோம். காரில், பழைய சிறைப்பண்ணை இருந்த பக்கத்தால் போகிற வீதியில், இரண்டு தரம். மூன்றாவது பாட்டில் மேளம் எழும்பியபோது, எம்மில் மூத்தவர் விரலால் கதவில் தட்டத் தொடங்கினார். ஊரில் அந்த மேளத்தை எங்கே கேட்டதென்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் கராஜில் கிடந்த பெட்டியை இறக்கினோம். எண்பதுகளில் ஊரிலிருந்து சுமந்துவந்த ஒலிநாடாக்கள். பாதிக்குமேல் இந்த ஊர் வெக்கையில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்றைக் கொழுவிப் பார்த்தோம். நாடா இழுபட்டு, குரல் தடித்து மெதுவாக வந்தது. பெடியன் சிரித்தான். “அங்கிள், ஸ்குரூ மாதிரியே இருக்குது” என்றான். மிச்சத்தைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லிக் கொண்டுபோயிருக்கிறான்.