அரங்கும் அரியணையும்: கிரீஷ் கர்னாட்

கலைஞன் அரசுப் பொறுப்பை ஏற்கலாமா என்னும் வினா பழமையானது. வேந்தரை நாடிப் பாடிய புலவரும், வேந்தரை இடித்துரைத்த புலவரும் நம் மரபில் உளர். இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்டவர் கன்னட நாடகாசிரியரும் நடிகருமான கிரீஷ் கர்னாட் ஆவார்.

1938இல் மாதேரானில் பிறந்த கர்னாட், சிர்சியிலும் தார்வாடிலும் வளர்ந்தார். இளமையில் கண்ட யட்சகானமும் கம்பெனி நாடகங்களும் அவர் உள்ளத்தில் நிலைத்தன. அவருடைய முதல் நாடகமான 'யயாதி' 1961இல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டில் பயின்று திரும்பியபின், 1963 முதல் 1970 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சென்னைக் கிளையில் பணியாற்றினார். 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' குழுவின் நாடகங்களிலும் ஈடுபட்டார்.

அவருக்குப் புகழ் தேடித் தந்த 'துக்ளக்' 1964இல் வெளிவந்தது. சமய வேற்றுமை பாராத நல்லரசைக் கனவு கண்ட சுல்தான், தன் ஆணைகளாலேயே மக்களைத் துயரில் ஆழ்த்தித் தனிமைப்பட்டுப் போவதே அதன் கதை. நேரு காலத்துக் கனவுகளும் அவை கலைந்த ஏமாற்றமும் அதில் எதிரொலிப்பதாகப் பலரும் கண்டனர். ஆள்வோனிடம் அறிவும் நல்லெண்ணமும் இருந்தால் மட்டும் போதா என்பதை உணர்த்திய இவ்வாசிரியரே பின்னர்ப் பொறுப்புகளில் அமர நேர்ந்தது.

1970இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' திரைப்படத்தில் பிராணேசாச்சாரியராக நடித்து அவர் திரையுலகில் அறிமுகமானார். 1974இல் புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் இயக்குநரானார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975ஆம் ஆண்டிலேயே அப்பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு வெளிவந்த 'மந்தன்' படத்தில், சிற்றூர் மக்களிடையே பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வரும் கால்நடை மருத்துவராக நடித்தார். குஜராத் உழவர் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் அளித்து உருவான படம் அது.

தொலைக்காட்சி அவரை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரில், சுவாமியின் கண்டிப்பு மிக்க தந்தையாக அவர் தோன்றினார். 'டர்னிங் பாயிண்ட்' என்னும் அறிவியல் நிகழ்ச்சியையும் தூர்தர்ஷனில் தொகுத்து வழங்கினார்.

1988 முதல் 1993 வரை சங்கீத நாடக அகாதெமியின் தலைவராக இருந்தார். நாட்டின் நிகழ்த்துகலைகளுக்கான உயரிய அரசு அமைப்பின் தலைமைப் பதவி அது. அப்பதவிக் காலத்திலேயே 'தலெதண்ட' நாடகத்தை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண நகரில், பசவண்ணரின் சரணர் இயக்கம் அந்தணப் பெண்ணுக்கும் செருப்புத் தைப்பவர் மகனுக்கும் மணம் முடிக்க, அதனால் மூண்ட வன்முறையே அதன் பொருள். மண்டல் பரிந்துரையும் கோயில் இயக்கமும் நாட்டைக் கலக்கிய நாளில் வந்த நாடகம் அது. பதவி அவருடைய எழுதுகோலைக் கட்டவில்லை எனலாம். அப்பதவிக் காலம் முடிந்த மறு ஆண்டு, 1994இல், 'காதலன்' திரைப்படத்தில் பதவியைத் தீமைக்குப் பயன்படுத்தும் ஆளுநராகத் தமிழ் மக்கள் அவரைக் கண்டனர்.

2000 முதல் 2003 வரை இலண்டன் நேரு மையத்தின் இயக்குநராகவும் அவர் பணிபுரிந்தார். எப்பதவியையும் அவர் நெடுங்காலம் வகித்தாரில்லை. வேடம் முடிந்ததும் ஒப்பனையைக் கலைக்கும் நடிகரின் இயல்பு அவருக்கு ஆட்சிப் பணியிலும் கைகொடுத்தது. 2018இல், பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் முதலாம் ஆண்டு நினைவு நிகழ்வில், மூக்கில் பொருத்திய உயிர்வளிக் குழாயோடு வந்து அமர்ந்தார். 2019 ஜூன் 10 அன்று பெங்களூரில் காலமானார். அவருடைய விருப்பப்படி, அரசு மரியாதையும் சமயச் சடங்கும் இன்றி அவருடல் எரியூட்டப்பட்டது.