பெட்ரோலுக்கு கார்பன் வரி... வசூலித்த பணம் மக்களுக்கே! கனடாவின் திட்டம் பாதியில் நின்றது ஏன்?

2025 மார்ச் 14. கனடாவின் பிரதமராகப் பதவியேற்ற அன்றே மார்க் கார்னி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். பொதுமக்கள் பெட்ரோலுக்கும் வீட்டு எரிவாயுவுக்கும் கட்டிவந்த கார்பன் கட்டணம் ஏப்ரல் 1 முதல் ரத்து. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கார்னி பருவநிலைக்காக ஐ.நா.வின் சிறப்புத் தூதராக இருந்தவர். வசூலித்ததில் பெரும்பகுதியை மக்களுக்கே திருப்பிக் கொடுத்த திட்டம் இது. அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?

முதல்ல, கார்பன் வரின்னா என்ன?

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. அதனால் வரும் வெப்பம், வெள்ளம், பயிர்ச் சேதம் எதுவும் பெட்ரோல் விலையில் சேர்வதில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கை எரிபொருள் விலையிலேயே ஏற்றுவதுதான் கார்பன் வரி. விலை ஏறினால் மக்கள் குறைவாக எரிப்பார்கள், மாற்று வழி தேடுவார்கள் என்பது கணக்கு. 1990-ல் பின்லாந்தும், 1991-ல் சுவீடனும் இதைத் தொடங்கின.

கனடா என்ன செய்தது?

2019 ஏப்ரலில், சொந்தமாக கார்பன் கட்டணத் திட்டம் இல்லாத ஒன்டாரியோ உள்ளிட்ட மாகாணங்களில் மத்திய அரசே கட்டணம் போட்டது. ஒரு டன் கார்பனுக்கு 20 கனடிய டாலரில் தொடங்கி, படிப்படியாக ஏறி 2024-ல் 80 டாலர் ஆனது. பங்கில் அது லிட்டருக்கு 17.6 சென்ட். 2030-ல் டன்னுக்கு 170 டாலர் வரை போவதாகத் திட்டம். சில மாகாணங்கள் வழக்குப் போட்டன. ஆனால் 2021-ல் கனடா உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பணம் எப்படித் திரும்பி வந்தது?

வசூலில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே போனது. ஒன்டாரியோவில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 2024-25-ல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டாலர், அதாவது வருடத்துக்கு 1,120 டாலர்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்தக் குடும்பம் வருடத்துக்கு 2,000 லிட்டர் பெட்ரோல் போட்டால் கட்டணம் 352 டாலர். வீட்டைச் சூடாக்க 2,000 கன மீட்டர் எரிவாயு எரித்தால், கன மீட்டருக்கு 15.25 சென்ட் வீதம் 305 டாலர். மொத்தம் 657 டாலர். கைக்கு வந்தது 1,120. லாரி வாடகை, மளிகை விலை வழியாக மறைமுகமாக ஏறும் செலவு தனி.

'திருப்பித்தான் கொடுத்துட்டாங்களே, அப்புறம் யார் பெட்ரோலைக் குறைப்பாங்க?' என்று கேட்கலாம். ஒருவர் எவ்வளவு எரித்தார் என்பதைப் பார்த்து இந்தப் பணம் கொடுக்கப்படவில்லை. நிறைய எரித்தவருக்கும் கொஞ்சம் எரித்தவருக்கும் ஒரே தொகைதான். ஆக, குறைத்தவருக்கு மிச்சம் அதிகம். கார்களும் பெரிய வீடுகளும் வைத்திருப்பவர் கூடுதலாகக் கட்டினார்.

அப்போ எங்கே சறுக்கியது?

கட்டணம் கண்ணில் பட்டது, திரும்பி வந்த பணம் படவில்லை. பங்க் விலைப் பலகையை மக்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் பணம் தொடக்கத்தில் வருமான வரிக் கணக்கில் கழிவாகத்தான் கிடைத்தது. 2022-ல் நேரடியாக வங்கிக்கு வரத் தொடங்கிய பிறகும், எதற்கான பணம் என்றே புரியாத பெயரில்தான் பலரது கணக்கில் விழுந்தது.

அதே சமயம் விலைவாசி கடுமையாக ஏறியது. எதிர்க்கட்சித் தலைவர் பியேர் பொய்லியேவ் 'வரியை ஒழிப்போம்' என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 2023 அக்டோபரில் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு கொடுத்தார். இதில் அதிகம் பலன் பெற்றவை கிழக்குக் கடலோர மாகாணங்கள். 'அவங்களுக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்வி கிளம்பியது. 2024 ஜனவரியில் சஸ்காட்செவான் மாகாணம், வீட்டு எரிவாயுவுக்குக் கட்டணம் வசூலிப்பதையே நிறுத்தியது.

வேற வழி இல்லையா?

இருக்கு. அதுவும் கனடாவிலேயே.

*சட்டம் போட்டுத் தடுப்பது:* ஒன்டாரியோவில் 2003 வாக்கில் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு நிலக்கரியில் இருந்து வந்தது. அனல்மின் நிலையங்களை ஒவ்வொன்றாக மூட அரசு முடிவெடுத்தது. 2014-ல் கடைசி நிலையமும் நிலக்கரியைக் கைவிட்டது.

*உச்சவரம்பும் வர்த்தகமும்:* மொத்தம் இவ்வளவுதான் புகை விடலாம் என்று அரசு வரம்பு வைக்கும். அதற்குள் நிறுவனங்கள் அனுமதிகளை வாங்கி விற்கலாம். வரம்பு வருடா வருடம் குறையும். கியூபெக் மாகாணம் 2013 முதல் இதைச் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லேயே வந்துவிட்டது. ஆரம்பத்தில் அனுமதிகளை அள்ளிக் கொடுத்ததால் 2007-ல் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. பிறகு விதிகளை இறுக்கினார்கள். 2023-ல், இத்திட்டத்தில் உள்ள மின் நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு 2005-ஐ விட சுமார் 47 சதவீதம் குறைவு.

*ஆலைகளுக்கு மட்டும் கட்டணம்:* கனடாவில் இது ரத்தாகவில்லை. நிர்ணயித்த அளவைத் தாண்டும் உமிழ்வுக்கு ஆலைகள் இன்றும் பணம் கட்ட வேண்டும்.

இந்த வழிகளிலும் செலவு இருக்கிறது, அது விலையில் கலந்து கடைசியில் மக்களிடம்தான் வரும். ஆனால் பங்க் ரசீதில் தனியாகத் தெரியாது. அதனால் எதிர்ப்பும் குறைவு.

இந்தியாவில் என்ன நிலை?

2010-ல் இந்தியா நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய்மை ஆற்றல் வரி விதித்தது. 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறியது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5-ல் இருந்து 18 சதவீதம் ஆனது.

இன்னொரு பக்கம், 2023-ல் கார்பன் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதில் மொத்த உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் சிமென்ட்டோ அலுமினியமோ தயாரிக்க எவ்வளவு உமிழ்வு என்பதற்குத்தான் இலக்கு.

இதில் அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2026 ஜனவரி 1 முதல், ஐரோப்பாவுக்குள் வரும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை கார்பன் கட்டணம் நடைமுறைக்கு வந்துள்ளது. தயாரித்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால், அந்தத் தொகை கழிக்கப்படும். இங்கே வசூலித்தால் பணம் இந்தியாவில் இருக்கும். இல்லையென்றால் ஐரோப்பாவின் கஜானாவுக்குப் போகும்.

வசூலிக்கும் பணம் யாருக்குப் போகிறது, அது மக்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? அடுத்து எந்த நாடு கார்பனுக்கு விலை வைத்தாலும், கனடாவை வைத்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.