சித்திரமில்லாத சித்திரசாலை

ஆர்ஜென்டீனாவின் வடமேற்கு மூலையில், ஆண்டீஸ் மலைகளுக்கு நடுவே கல்சாக்கீ என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சால்டா நகரிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, மூவாயிரம் மீட்டருக்கு மேலுள்ள கணவாயைக் கடந்து, புழுதியும் கள்ளியுமாக இறங்க வேண்டும். மொலினோஸ் என்ற சிற்றூருக்கு அப்பால் மண் சாலைதான். அத்தனை தூரம் போய் நான் பார்த்தது, ஒரு சித்திரம்கூட இல்லாத சித்திரசாலை!

கொலோமே என்ற திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது அது. தோட்டம் 1831-ல் ஏற்பட்டது. சால்டாவின் கடைசி ஸ்பானிய கவர்னராக இருந்த இசாஸ்மெந்தி அதை ஆரம்பித்தார் என்பார்கள். டொனால்ட் ஹெஸ் என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர் பிற்பாடு அதை வாங்கி, 2009-ல் ஜேம்ஸ் டரல் என்ற அமெரிக்கக் கலைஞருக்காகவே இந்தக் கட்டடத்தை எழுப்பினார்.

டரல் 1943-ல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது மனோதத்துவம். வர்ணமும் கல்லும் அவருக்கு வேண்டாம். வெளிச்சம் ஒன்றே போதும். வெறும் வெளிச்சந்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது. 1980-ல் நியூயார்க்கில் நடந்த அவருடைய காட்சியில், ஒளியைச் சுவரென்று நம்பிச் சாய்ந்த ஒரு மாது கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டாள். விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் உண்டா?

கொலோமேயில் அந்தி வேளையில் ஒரு முற்றத்தில் படுக்க வைக்கிறார்கள். மேலே, கூரையில் சதுரமாக ஒரு திறப்பு. சுற்றிலும் உள்ள விதானத்தில் விளக்குகள் மெல்ல நிறம் மாறுகின்றன. மாறுவது விதானம் மட்டுமே. ஆனால் ஆகாயமல்லவா பச்சையாகிறது, ஊதாவாகிறது! பக்கத்து நிறத்தைப் பார்த்துத்தான் கண் ஒரு நிறத்தை நிச்சயிக்கிறதாம். கடைசியில் அந்தச் சதுரம் மைபோல் கறுத்து, கை நீட்டினால் தொடலாம் போல் இறங்கி வந்துவிட்டது. சற்றுப் பயமாகக்கூட இருந்தது.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வேறொரு வெறுமையும் உண்டு. இதே கல்சாக்கீயின் தென்கோடியில் கில்மெஸ் என்ற ஆதிகுடிகள் வாழ்ந்தார்கள். ஸ்பானியருக்கு அடங்காமல் பல ஆண்டுகள் போரிட்டுத் தோற்றார்கள். 1666 வாக்கில் அவர்களை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், போனஸ் அயர்ஸ் வரை கால்நடையாக ஓட்டிச் சென்றார்கள். வழியில் மாண்டவர்கள் அநேகர். மலைச் சரிவில் அவர்களுடைய வீடுகளின் கற்சுவர்கள் நிற்கின்றன, அவற்றுக்கும் கூரையில்லை. பிழைத்தவர்களைக் குடியமர்த்திய இடத்துக்குக் கில்மெஸ் என்றே பெயராயிற்று. அங்கே 1888-ல் ஒரு ஜெர்மானியர் பீர் தொழிற்சாலை ஆரம்பித்தார். ஆர்ஜென்டீனாவில் இன்று கில்மெஸ் என்று கேட்டால் கடைக்காரர் குளிர்ந்த புட்டி ஒன்றை எடுத்து வைக்கிறார்.